விலக்கம் இல்லாத அறுபத்திரண்டு பேர்

ஒரு மனிதனின் மனத்திருப்திக்கு விலை ஒரு வெள்ளி நாற்பது காசு. மலேசியாவின் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தன் வாப்பாவுக்குச் சாமான் போடும் மொத்த வியாபாரியிடம் நஸ்ரியா பேசிப் பேசிப் படிய வைத்த மைலோ பானப்பொடி பாக்கெட்டின் விலை அது. ஆளுக்கு ஒரு பாக்கெட். பதிலுக்கு, தண்ணீர், சாலை, கிளினிக் என்று வாழ்க்கை வசதிகளைப் பற்றிப் பத்துக் கேள்விகள் உள்ள படிவத்தில் ஒன்று முதல் ஐந்து வரை போட்டுத் தர வேண்டும். ஐந்து என்றால் முழுத் திருப்தி. ஒன்று என்றால் அறவே இல்லை.

செமோர் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்தில் இன்னும் குடியிருக்கும் அறுபத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி அனுப்பியவர் அங்குள்ள கோயில் செயலாளர் பத்துமலை. பல்கலைக்கழகப் புள்ளியியல் பாடத்துக்காக நஸ்ரியாவோடு சேர்ந்து இந்தப் பயிற்சியைச் செய்யும் தர்மாவுக்கு அவர் தாய்மாமன். கணினியில் ஏற்றுவது தர்மாவின் வேலை. புரோகிராம் எழுதுவது நஸ்ரியாவின் தலையெழுத்து.

காம்பாரில் அவர்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் கணினிக்கூடம் முழுக்க லினக்ஸ். கறுப்புத் திரை, அதில் துடிக்கும் ஒரு கோடு. சொந்தக் கோப்பைத் திறக்கப் போனால் 'அனுமதி இல்லை' என்றது. அனுமதி வாங்கினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்றது. கடைக்காரனிடம் பேரம் பேசினால் முகத்தைப் பார்த்தாவது பிடி கிடைக்கும்; இதற்கு முகமே கிடையாது. ஒருவழியாக 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் ஓடி, வயதுக்கும் திருப்திக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், விடை இல்லை என்றது. கூடவே ஓர் எச்சரிக்கை: திட்ட விலக்கம் பூஜ்யம்.

மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அதே பூஜ்யம். வேறு கணினிக்கு மாறினாள். அங்கேயும் அது அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இந்தப் பாடத்தில் போன பருவமே தோற்றவள். இதிலும் போனால் படிப்புக் கடன் நிற்கும். வாப்பா கல்லாவைக் காட்டிவிடுவார்.

கடைசியில்தான் தரவைத் திறந்து பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒன்று, ஒன்று, ஒன்று. எந்த எண்ணும் எதிலிருந்தும் விலகாதபோது விலக்கம் பூஜ்யம்தானே.

"டேய் தர்மா, நாலு வரியைச் சிஞ்சாயா, ஏனோதானோன்னு அடிச்சிட்டு மிச்சத்தை அப்படியே இழுத்து விட்டுட்டியா?"

"சத்தியமா இல்லலா. கண்ணு எரிய எரிய ஒண்ணொண்ணா அடிச்சேன்."

"எல்லாமே ஒண்ணா இருக்கேன்னு தோணல?"

"தோணிச்சு. எங்க ஆளுங்க எதுலயும் திருப்திப்பட மாட்டாங்களேன்னு விட்டுட்டேன்."

படிவப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். நீல மை, சிவப்பு மை, பென்சில், நடுங்கும் கை, அழுத்தும் கை. கை வேறு, எண் ஒன்று. 'கோயில் திருவிழா ஏற்பாடு எப்படி?' என்ற கேள்விக்கு, அதை ஏற்பாடு செய்யும் பத்துமலையே தனக்கு ஒன்று போட்டிருந்தார்.

மறுநாள் வாப்பாவின் வேனில் செமோருக்குப் போனார்கள். பத்துமலை கோயில் கொட்டகையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க திருவிழாவுக்கு நீங்களே ஒண்ணு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. கூட்டம் போட்டுப் பேசிட்டோம். எல்லாரும் ஒண்ணு."

"நான் தனித்தனியாத்தானே கேட்டேன்?"

"முன்னாடி ஒருத்தன் வந்தானே, டை கட்டிக்கிட்டு, அவனும் தனித்தனியாத்தான் கேட்டான். நிரப்பச் சொல்லிப் போராங் கொடுத்தான், பிஸ்கட் கொடுத்தான். பாதிப் பேரு தண்ணி பரவால்ல, ரோடு பரவால்லன்னு எழுதிட்டாங்க. மாத்து வீடு கேட்டுப் போனா, தோட்டத்துக் கம்பெனிக்காரன் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டுறான், ஜனங்க வசதியாத்தான் இருக்காங்கன்னு. அதோட சரி. எந்தத் தாளு வந்தாலும் ஒண்ணு."

"இது கம்பெனித் தாளு இல்லண்ணே. படிப்புக்கு."

"அவனும் அதையேதான் சொன்னான்."

நஸ்ரியா விடவில்லை. "ஆளுக்கு ரெண்டு மைலோ. மனசுல உள்ளத மறுபடி எழுதட்டும்."

"கொடு. குடிச்சிட்டு ஒண்ணு போடுவாங்க."

"முப்பது பேரு மட்டும் போதும்ணே."

"முப்பது பேரும் ஒண்ணு."

பேரத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவள். வேன் கதவை அறைந்து சாத்தினாள்.

கணினிக்கூடத்தில் தர்மாதான் மெல்ல ஆரம்பித்தான். "ஒரே ஒரு வரிலா. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் கம்ப்யூட்டரே இஷ்டத்துக்கு எண் போடட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

அவளுக்கு அந்த வரி தெரியும். பருவம் முழுக்க அவள் கற்றதில் பிழையே இல்லாமல் ஓடிய வரி அது ஒன்றுதான். அடித்தாள். விலக்கம் வந்தது, தொடர்பு வந்தது, வண்ணப் படம் வந்தது. அறிக்கையின் முதல் வாக்கியத்தையும் தட்டினாள்: 'குடியிருப்பாளர்களில் நாற்பது விழுக்காட்டினர் திருப்தியுடன் உள்ளனர்.'

கை நின்றது. டை கட்டியவன் எழுதி வாங்கிய தாள் இதுதான்; இந்த முறை பிஸ்கட்கூடக் கொடுக்காமல்.

வாப்பாவின் தெருவில் எல்லாக் கடையும் ரொட்டி சானாய்க்கு ஒரே விலை சொன்னால், அது உட்கார்ந்து பேசிய முடிவு என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதில் ஒருவன் குறைத்துச் சொன்னால் தெருவே போச்சு.

அந்த வரியை அழித்தாள். படம் மறைந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

"ஃபெயிலாயிட்டா?" என்றான் தர்மா.

"ஆவேன். வாயை மூடிக்கிட்டு பிரிண்டரைப் போடு."

அறிக்கை ஒரே பக்கம்தான் வந்தது. பதில் அளித்தவர்கள் அறுபத்திரண்டு. சராசரி ஒன்று. திட்ட விலக்கம் பூஜ்யம். வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு, கணக்கிட இயலாது. காரணம், கூட்டத்தில் எடுத்த முடிவு.

மைலோ அறுபத்திரண்டு, கொடுத்துத் தீர்ந்தது. மதிப்பெண், பாக்கி.