டூகல் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

…தலையைப் பார்த்தா இடித்தான், இல்லையே, மீசை முளைத்த நாளிலிருந்து கால்பந்து மைதானத்தில் இடிக்கிற இடிதானே அது, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, தோளால் மட்டும், போன வருஷம்வரை அதற்குக் கைதட்டினார்கள், மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்துத் தள்ளின, இந்த வருஷம் அதே இடி குற்றமாம், இடிபட்டவன் தானே குனிந்தாலும் சரி, வழுக்கி விழுந்தாலும் சரி, தலையில் பட்டால் இடித்தவனுக்குத் தடை… என்ன கண்றாவிச் சட்டம் இது? விசாரணை அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தை நெரிக்கிற டையோடு உட்கார்ந்திருந்தான் ராய்ஸ். சனிக்கிழமை இறுதியாட்டம், இடிபட்ட டூகலின் அணியோடுதான், முட்டி தேய்ந்துபோன ராய்ஸுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது, இன்றைக்குத் தடை விழுந்தால் வேலிக்கு வெளியே பியர் டப்பாவோடு நிற்க வேண்டியதுதான். ஆனால் டூகல் வருவான், இடிபட்டவனே வந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்வான், மைதானத்தில் நடந்ததற்கு எவனும் எவனையும் மாட்டிவிடுவதில்லை, ராய்ஸே ஒருமுறை உடைந்த மூக்கோடு வந்து இன்னொருவனுக்காகச் சொல்லியிருக்கிறானே…

வந்துவிட்டான். "டேய் ராய்ஸ், மூஞ்சிய ஏன்டா இப்படி வச்சிருக்க? நல்ல இடிடா அது. எனக்கு ஒண்ணும் ஆகல, பாத்துக்கலாம் மாப்ள." கையைக் குலுக்கிவிட்டுக் கழிப்பறைக்குப் போனான். அப்பாடா, ஆள் கல்லு மாதிரிதான் இருக்கிறான், தலையில் அடி என்று எழுதிக்கொடுத்த அந்த டாக்டருக்குத்தான் வேறு வேலையில்லை… திரும்பி வந்தான். "டேய் ராய்ஸ், எப்ப வந்த? மூஞ்சிய ஏன்டா இப்படி வச்சிருக்க? நல்ல இடிடா அது." மறுபடி கை. அதே சிரிப்பு. கிண்டல் பண்ணுகிறானா, டூகல் எப்போதும் கிண்டல்காரன்தானே, கிண்டலாகத்தான் இருக்கும், இருக்கட்டும் கடவுளே… "சனிக்கிழமை ஆடுறல்ல?" என்று ராய்ஸ் கேட்டுப் பார்த்தான். டூகல் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். "ஆடுவேன்டா… யார் கூட ஆட்டம்?"

கதவு திறந்தது, டூகலின் பெயரைக் கூப்பிட்டார்கள், அவன் அறைக்குள் போகாமல் தெருவாசல் பக்கம் நடந்தான். சொல்லிவிடலாமா, இவனுக்குச் சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று… சொன்னால் நீயே மாட்டிக்கொண்டாய், சனிக்கிழமை போச்சு, எல்லாம் போச்சு… ராய்ஸ் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான், எவ்வளவு எளிதாகத் திரும்புகிறான், இவ்வளவு பெரிய ஆள்… யாரோ பேசுவது காதில் விழுந்தது, மெதுவாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, அது தன் குரல்தான் என்பது ராய்ஸுக்கு உடனே பிடிபடவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகல… அவ்ளோதான் டூகல். எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டு."