நான்காவது ஆள்

நர்ஸ் டெனிஸ் மருந்துக் குழலை உதட்டருகே கொண்டுபோனதும் லெராய் ஹௌகன் வாயை இறுக மூடிக்கொண்டார். எண்பத்தொரு வயதில், எலும்பும் தோலுமாகக் கிடக்கிற மனிதருக்கு அந்தத் தாடையில் மட்டும் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

“லெராய், நாக்குக்கு அடியில நாலு சொட்டு. அவ்வளவுதான்.”

“ரெண்டு மணிக்கு போன்ல மீட்டிங்,” என்றார் பல்லைத் திறக்காமல். “முடியட்டும்.”

“அது வரைக்கும் வலிக்குமே.”

“வலிக்கட்டும். தலை தெளிவா இருக்கணும்.”

கால்மாட்டில் துண்டு மடித்துக்கொண்டிருந்த மகள் மார்லிஸ், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். வந்து ஒன்பது நாளாகிறது. இந்த வீட்டில் அவள் மடிக்காத துணி இல்லை, துடைக்காத தட்டு இல்லை. நகரத்துப் பள்ளி ஒன்றில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள், சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை.

“நீங்க இல்லாம அவங்களே நடத்திக்க மாட்டாங்களாப்பா?”

“மாட்டாங்க. நாலு பேர் வேணும்.”

மனநல ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அந்த மாநிலத்தில் ஒரு வாரியத்தின் வேலை. மொத்தம் ஏழு நாற்காலி. கவர்னர் ஆள் போடாததால் இரண்டு நாற்காலி இரண்டு வருஷமாகக் காலி. இன்றைய வழக்கில் சிக்கியிருக்கும் ஆலோசகருக்கு ஒரு காலத்தில் மேலதிகாரியாக இருந்ததால் இன்னோர் உறுப்பினர் ஒதுங்கிக்கொண்டாக வேண்டும். மிச்சம் நாலு பேர். நாலில் ஒன்று குறைந்தாலும் கூட்டம் செல்லாது. செப்டம்பரில் ஒருவருக்குக் காய்ச்சல், டிசம்பரில் ஒருவருக்குப் பேரன் பிறந்தான், இரண்டு முறையும் கூட்டம் நின்றுபோனது. எங்கோ ஒரு பெண் வேலையில்லாமல் காத்திருக்கிறாள் என்பது மட்டும் மார்லிஸுக்குத் தெரியும். பேரோ விவகாரமோ தெரியாது. அப்பா சொல்லமாட்டார், சொல்லக் கூடாது.

அந்த ஏழில் ஒரு நாற்காலி, தொழிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சாதாரண ஆளுக்கு. நாற்பது வருஷம் தானியக் கிடங்கில் கோதுமை எடை போட்ட லெராய்க்கு அது வந்து சேர்ந்தது. “மனசைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆள் வேணும்னு கவர்னர் ஆபீஸ்ல கேட்டாங்களாம், ஊரே என்னைக் கை காட்டிருச்சு” என்று அவரே சொல்லிக்கொள்வார். பதவிக்காலம் முடிந்து மூன்று வருஷமாகிறது. ஆனால் பதிலுக்கு ஆள் நியமிக்கும் வரை பழைய ஆள்தான் தொடர வேண்டும் என்பது சட்டம். போன வாரம் பார்க்க வந்த பாஸ்டரிடம், “காலம் முடிஞ்சாலும் ஆள் வர்ற வரைக்கும் எந்திரிக்க முடியாது பாஸ்டர், மேலயும் சொல்லி வையுங்க” என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தார்.

மார்லிஸ் அன்று சிரிக்கவில்லை. இன்று அவளுக்கு ஆத்திரமே வந்தது. காலையில் சமையலறையில், பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த மூன்றாவது ‘ஹாட்டிஷ்’ கறிச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஃப்ரிட்ஜில் இடம் தேடிக்கொண்டிருந்தபோது டெனிஸ் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “இன்னைக்கோ நாளைக்கோதான். மருந்து உள்ள போச்சுன்னா தூங்கிருவார். அப்புறம் முழிப்பு வருமான்னு சொல்ல முடியாது. பேச வேண்டியது ஏதாவது இருந்தா பேசிருங்க.”

பேச வேண்டியது இருந்தது, பன்னிரண்டு வருஷமாக. விவாகரத்தாகி, இரண்டு பெட்டியோடு அவள் இங்கே வந்து ஆறு வாரம் தங்கினாள். என்னம்மா ஆச்சு என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. காருக்கு எண்ணெய் மாற்றினார், டயரில் காற்றுப் பார்த்தார். நகரத்துக்குத் திரும்பி அவள் ஓர் ஆலோசகரிடம் இரண்டு வருஷம் போனாள். போய் உட்கார்ந்தால் புருஷனைப் பற்றிப் பேச்சு வராது, அப்பாவைப் பற்றித்தான் வரும். அதே சமயத்தில்தான் அப்பாவுக்கு இந்த வாரியப் பதவியும் வந்தது. தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார். அவள் வாழ்த்துச் சொன்னாள், தன் விஷயத்தை விழுங்கிவிட்டாள்.

பத்து மணிக்குக் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

கண்ணைத் திறந்தார். “டயர் மாத்தினியா?”

“மாத்தியாச்சு.”

“பனி டயரா?”

“பனி டயர்தான்.”

“நல்லது.” கண் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, “மூச்சை மிச்சம் பிடிக்கறேன் மார்லிஸ். கோவிச்சுக்காதே,” என்றார்.

அவள் எழுந்துபோய் ஏற்கெனவே துடைத்த அடுப்பைத் துடைத்தாள். யாருக்கோ மிச்சம் பிடிக்கிறார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக.

ஒன்றே முக்காலுக்கு வெள்ளைச் சட்டை கேட்டார், கழுத்துப்பட்டை கேட்டார்.

“போன்ல யாருப்பா பார்க்கப் போறாங்க?”

“நான் பார்ப்பேனே.”

கொக்கி வைத்த கழுத்துப்பட்டையை மாட்டிவிட்டாள். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும் போலிருந்தது. தலையணையை உயர்த்தி, மார்பில் ஒரு அட்டையை வைத்து, அதன்மேல் அன்றைய நிகழ்ச்சி நிரலை வைத்தாள். ஆறே வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவரே கோடு போட்டு வரைந்த சின்னக் கட்டம். விரலிடுக்கில் கிடங்குக் காலத்து மொட்டைப் பென்சில்.

ஒலிபெருக்கியில் தலைவர் டாக்டர் ஓல்மனின் குரல் வந்தது. வருகைப் பதிவு. “மிஸ்டர் ஹௌகன்?”

“இருக்கேன்.”

முதல் கட்டத்தில் டிக். முந்தைய கூட்டக் குறிப்புகள் ஏற்கப்பட்டன. இன்னொரு டிக். அடுத்து மூடிய அமர்வு.

“உறுப்பினர்களைத் தவிர யாராவது கூட இருக்காங்களா?” என்று தலைவர் கேட்டார். சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வி. ஒரு பொய் சொன்னால் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

“ரெண்டு பேர்,” என்றார் லெராய். “இப்போ போறாங்க.”

“அப்பா, நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன்?”

“மார்லிஸ்.”

அது பழைய கிடங்குக் குரல். லாரிக்காரர்களே அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை. டெனிஸ் சமையலறைக்குப் போனாள். மார்லிஸ் கதவைச் சாத்திவிட்டு முன்பக்கக் கண்ணாடித் தாழ்வாரத்துக்கு வந்தாள்.

மார்ச் மாதக் காற்று வயலிலிருந்து பனியை வாரி ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கோட்டு எடுத்துவரவில்லை. பூட்ஸ்களை வரிசையாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். உள்ளே இருமல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. இப்படிக் கதவுக்கு அந்தப்புறம் தனியாக, கழுத்துப்பட்டையோடு, போய்விட்டால்? கைப்பிடியில் கை வைத்தாள், எடுத்தாள். உள்ளே போனால் கூட்டம் கெட்டுவிடும். அவர் மன்னிக்கமாட்டார், மன்னிக்க நேரமும் இருக்காது. மறுபடி இருமல் கேட்டது. அந்த முகம் தெரியாத பெண்ணை மனதார வெறுத்தாள்.

இருபத்தாறு நிமிஷம். அப்புறம் உள்ளிருந்து அப்பாவின் குரல்.

“தலைவர் அவர்களே, வெளிய ஒருத்தர் குளிர்ல நிக்கறாங்க. பொதுமக்கள். இப்போ உள்ள விடணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “மார்லிஸ், உள்ள வா!”

அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓட்டெடுப்பு திறந்த அமர்வில்தான் நடக்க வேண்டும். தலைவர் வழக்கைச் சுருக்கமாக வாசித்தார். மேற்குப் பக்கம் ஒரு சிற்றூர். சுற்றுவட்டாரத்தில் வழக்கில் சிக்கிய பெண் ஒருத்திதான் ஆலோசகர். போன வருஷம் ஜனவரிப் பனிப்புயலில் அவளிடம் ஆலோசனைக்கு வருகிற ஒருத்தியின் கார் ரோட்டில் புதைந்துபோனது. அவள் கைக்குழந்தையோடு நடந்து வந்து ஆலோசகரின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். இரண்டு ராத்திரி அங்கேயே தங்கியிருக்கிறாள். ஆலோசனை அறைக்கு வெளியே உறவு கூடாது என்பது விதி. புகார் வந்தது, உரிமம் நிறுத்தப்பட்டு பதினாலு மாசமாகிறது. எச்சரித்துவிட்டு உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது தீர்மானம். நிறைவேற மூன்று ஓட்டு வேண்டும்.

முதல் ஆள் ஆமாம் என்றார். இரண்டாமவர், “விதின்னா விதிதான். இல்லை” என்றார். தலைவரின் ஓட்டு ஆமாம்.

“மிஸ்டர் ஹௌகன்?”

லெராய் வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. மார்லிஸ் தன்னையறியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து நிமிர்த்தினாள்.

“நீங்கல்லாம் படிச்சவங்க,” என்றார். “எனக்கு மனசைப் பத்தித் தெரியாது. பனியைப் பத்தித் தெரியும். அன்னைக்கு அந்தம்மா கதவைத் திறக்காம இருந்திருந்தா, இன்னைக்கு நாம வேற வழக்குப் பேசிட்டிருப்போம். ஆமாம்.”

தீர்மானம் நிறைவேறியது. டிக் போட்டார். டெனிஸ் சமையலறையிலிருந்து மருந்துக் குழலோடு வந்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். “இன்னும் ரெண்டு பாக்கி.”

“அடுத்தது பொதுமக்கள் கருத்து,” என்றார் தலைவர். “விருப்பமுள்ளவங்க மூணு நிமிஷம் பேசலாம். பேரும் ஊரும் சொல்லணும். உறுப்பினர்கள் பதில் சொல்லக் கூடாது. யாராவது இருக்கீங்களா?”

இருந்தது ஒரே ஒரு பொதுமக்கள். லெராயின் கண் அவள் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் நிரலில் இந்த வரிக்கு எதிரே ‘யாருமில்லை’ என்று எழுதியே பழகியவர்.

“மார்லிஸ் ஹௌகன்,” என்றாள். ஊர் சொல்ல வாய் தடுமாறியது. இந்த ஊரையே சொன்னாள். “எனக்கு ஒரு கஷ்ட காலம் வந்துச்சு. ஒரு ஆலோசகர்கிட்ட ரெண்டு வருஷம் போனேன். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை. நல்லா பார்த்துக்கிட்டாங்க. உங்க மாதிரி வாரியம் எங்கயோ உட்கார்ந்து கவனிச்சதாலதான் அவங்க நல்லவங்களா இருந்தாங்களோ என்னவோ.” நிறுத்தினாள். “இது எங்கப்பாவுக்குத் தெரியாது. அங்க போய்ப் பாதி நேரம் அவரைப் பத்தித்தான் பேசினேன்.”

மறுமுனையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

“கோவமாத்தான் ஆரம்பிச்சேன். எண்ணெய் மாத்தினதை எல்லாம் சொன்னேன். எப்போ கோவம் போச்சுன்னு தெரியல. அதைச் சொல்லணும்னு இருந்தேன். அவ்வளவுதான்.”

மூன்று நிமிஷத்தில் பாதிகூட ஆகவில்லை. தலைவர் அவசரப்படுத்தவில்லை. லெராய் ஒன்றும் சொல்லவில்லை, விதி அப்படி. அவர் கன்னம் நனைந்திருந்தது. பென்சில் மட்டும் காகிதத்தில் தடவித் தடவி ஐந்தாவது கட்டத்தைத் தேடியது. கிடைத்ததும் டிக் போட்டார். ரொம்ப அழுத்திப் போட்டார், காகிதம் கிழிந்து அட்டையில் பள்ளம் விழுந்தது.

“நன்றி, மிஸ் ஹௌகன்,” என்றார் தலைவர். “கடைசியா, கூட்டத்தை முடிச்சுக்கறதுக்கு ஓட்டு.”

ஆமாம் என்றது ஒரு குரல். ஆமாம் என்றது இன்னொரு குரல். தலைவரும் ஆமாம் என்றார்.

“மிஸ்டர் ஹௌகன்?”

டெனிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி தேடினாள். பிடித்தபடியே மார்லிஸை நிமிர்ந்து பார்த்தாள், கையை விடவில்லை.

“மிஸ்டர் ஹௌகன், இருக்கீங்களா?”

மார்லிஸ் அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்திருந்த கையை எடுக்கவில்லை. கழுத்துப்பட்டை ஒருபக்கம் சாய்ந்திருந்தது, மற்றக் கையால் நேராக்கினாள். அட்டையின் மேல் ஆறாவது கட்டம் காலியாக இருந்தது. பென்சில் இன்னும் அவர் விரலிடுக்கில்தான் இருந்தது.