மிதிக்காமல் மேலே போகக் கூடாது

"இயேசு மேலே போனப்போ பெடல் மிதிச்சாரா டீச்சர்?"

ஞாயிறு பள்ளியில் ஆறு வயது சிக்னே ஒருமுறை கேட்ட கேள்வி இது. அன்று பரமேறுதல் ஞாயிறு. ஆர்லிஸ் டோலஃப்சன் பிள்ளைகளுக்கு ஒரு படத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மலை, அண்ணாந்து பார்க்கும் சீஷர்கள், மேகம், மேகத்துக்குள் மறையும் இரண்டு பாதங்கள்.

"இல்ல கண்ணு. அவரு சும்மாவேதான் போனாரு."

"அப்போ நம்ம ஊர்ல அபராதம் போட்டிருப்பாங்களே," என்று சிக்னே வருத்தப்பட்டாள்.

குழந்தையின் சட்ட அறிவில் பிழை இல்லை. அந்த வாரம்தான் ஹால்வர் லேக் நகர மன்றம், ஏரிக்கரைப் பாதையில் யாரும் எதிலும் மிதிக்காமல் மேலே போகக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. மோட்சத்துக்கு விலக்கு உண்டா என்று மன்றத்தில் எவரும் கேட்கவில்லை.

சட்டத்துக்குக் காரணம் ஒரு வாளி. போன கோடையில் விடுமுறைக்கு வந்திருந்த நகரத்துப் பையன் ஒருவன், சைக்கிள் என்று பெயர் சூட்டிய ஒரு மோட்டார் பைக்கில் அந்தப் பாதையில் பறந்தான். மேயர் பர்ட்டன் லிண்ட்ஸ்ட்ராம் கையிலிருந்த தூண்டில் மீன் வாளி கவிழ்ந்தது. பையன் மறுநாளே ஊருக்குப் போய்விட்டான். மினசோட்டாவின் குளிர்காலம் நீளமானது. கமிட்டி போட வசதியானது. மே மாதம் பனி உருகியபோது பையன் இல்லை, மீன்கள் இல்லை, சட்டம் மட்டும் இருந்தது.

பேட்டரி சைக்கிள்களில் ஒரு வகை, நாம் மிதித்தால்தான் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். இன்னொரு வகையில் கைப்பிடியில் கட்டைவிரலுக்கு அருகே த்ராட்டில் என்று ஒரு சின்ன விசை இருக்கும். அதை அழுத்தினால் போதும், காலுக்கு வேலையில்லை. மன்றம் ஒழித்தது இந்த இரண்டாவதை. ஏரிக்கு அக்கரையில் அடுத்த ஊர். அங்கே அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஒரு எல்லைப் பலகையைத் தாண்டினால் குற்றம் உல்லாசப் பயணமாகிவிடும்.

ஹால்வர் லேக்கில் த்ராட்டில் வைத்த சைக்கிள் மொத்தம் ஒன்றே ஒன்று. அது ஆர்லிஸுடையது.

அவருடைய கணவர் ஐனார் பாதையின் உச்சியில் உள்ள பெத்தானி முதியோர் இல்லத்தில் இருந்தார். பெயர்கள் போய்விட்டன, ஊர் போய்விட்டது, மனைவி யார் என்பதும் ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் மத்தியானம் ஆர்லிஸ் வந்து கரண்டியை நீட்டினால் மட்டும் வாயைத் திறப்பார். வேறு யார் நீட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். இன்னும் இளைத்தால் டுலூத்தில் உள்ள பெரிய இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது இங்கிருந்து நினைத்தால் போய்வரக்கூடிய தூரம் இல்லை. ஆர்லிஸுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த வீட்டில் எப்போதும் ஐனார்தான் ஓட்டினார். நெடுஞ்சாலையிலோ மர லாரிகள். ஆகவே ஏரிக்கரைப் பாதை. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் மடங்க மறுத்த வலது முழங்கால் மேட்டைக் கண்டதும் நின்றுவிடும். அங்கே கட்டைவிரல்தான் காலாக இருந்தது.

இதை மன்றக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் வேற்றூர்க்காரர்கள். மேயர் ஆர்லிஸைப் பார்த்தபடியேதான் கேட்டார்: "யாருக்காவது இதுல கஷ்டம் இருக்கா?"

"எனக்கென்ன, நல்ல சட்டம்தானே," என்றார் ஆர்லிஸ். தான் செய்துகொண்டு வந்திருந்த எலுமிச்சைக் கேக் துண்டுகளின் தட்டைப் பக்கத்து நாற்காலிக்கு நகர்த்தினார்.

ஹால்வர் லேக்கில் சொந்தக் கஷ்டத்தைச் சபையில் சொல்வது, பிரசங்கத்தின் நடுவே சத்தமாகக் கொட்டாவி விடுவதற்குச் சமம். கஷ்டம் இருப்பவருக்கு உதவியை யாராவது நீட்ட வேண்டும். அதுவும் மூன்று தடவை நீட்ட வேண்டும். முதல் இரண்டு தடவை மறுப்பது மரியாதை. மூன்றாவது தடவை, "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா" என்று தலையாட்டலாம். காபிக்கும் இதுதான் முறை, கல்யாணத்துக்கும் இதுதான். ஐனார் பெண் கேட்டபோது ஆர்லிஸ் இரண்டு தடவை வேண்டாம் என்றார். ஐனார் உள்ளூர்க்காரர். பதறாமல் மூன்றாவது தடவையும் கேட்டார்.

நோலன் ப்ரூவர் உள்ளூர்க்காரர் அல்ல. அரிசோனாவிலிருந்து வந்து ஊரின் ஒரே சைக்கிள் கடையை வாங்கியிருந்தார். த்ராட்டிலை அணைத்துவிட்டதாக டீலர் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் பாதையில் போக முடியும் என்பது புதிய சட்டம். வாளிக்காக நியாயம் பெற்ற மேயர், காலை நேரங்களில் தானே பாதையில் நின்று ஸ்டிக்கர் பார்த்தார். ஆர்லிஸ் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனார்.

நோலன் மடிக்கணினியிலிருந்து ஒரு வயரைச் சைக்கிளில் செருகினார்.

"ஊரோட பின்கோடு போட்டாப் போதும் மேடம். எந்த ஊர்ல எது கூடாதுன்னு கம்பெனிக்கு அத்துப்படி. அதுவே அணைச்சிடும்."

"அடேங்கப்பா, அவ்ளோ அக்கறையா."

"ஆனா ஒண்ணு. உங்க ஊர் சட்டத்துலயே ஒரு விலக்கு இருக்கு. முழங்கால் சரியில்லாதவங்களுக்கு நடை வேகத்துல மட்டும் த்ராட்டிலை விட்டு வைக்கலாம். நான் கம்பெனிக்கு போன் பண்ணி அனுமதி வாங்கணும். கொஞ்சம் இழுக்கும். வாங்கட்டுமா?"

ஆர்லிஸின் நெஞ்சு துள்ளியது. வாயோ, தான் வளர்ந்த விதத்தில் பேசியது. "ஐயோ, வேணாம். உங்களுக்கு எதுக்கு வீண் வேலை."

"நிஜமாவே வேணாமா?"

"பரவால்ல, நான் சமாளிச்சுக்குவேன்."

ஆர்லிஸ் மூன்றாவது கேள்விக்காகக் கைப்பையை மார்போடு அணைத்துக் காத்திருந்தார். 'சரி' என்ற சொல் நுனி நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

"அப்போ சரி," என்று நோலன் மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டினார். பச்சை ஸ்டிக்கரை நேராக ஒட்டினார். "உங்கள மாதிரி தெளிவா பேசுற கஸ்டமருங்க கிடைக்கிறதே இல்ல மேடம்!"

அதன் பிறகு ஆர்லிஸ் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பேட்டரியோடு அது ஒரு கன்றுக்குட்டியின் கனம், ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த முழங்கால் மேடேறாது. இரண்டு தப்படிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் அன்பானவர்கள். "நடக்கிறதுக்கு நல்ல வெயில்!" என்றார்கள். "ஆமா, அருமையான வெயில்," என்றார் ஆர்லிஸ். ஸ்டிக்கரைப் பார்த்த மேயர் தொப்பியைத் தூக்கி வணங்கினார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து, பிறகு ஏரியில் மீன் அதிகமாக இருப்பதாகச் சொன்னார்.

எவ்வளவு முன்னதாகக் கிளம்பினாலும், உச்சிக்குப் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். சாப்பாட்டு அறையில் இத்தனை நேரம் காத்திருந்த ஐனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருப்பார். பிறகு ஆர்லிஸ் கரண்டியை நீட்டினாலும் திறக்க மாட்டார். ஜூன் மாதத்தில் அவருடைய பெல்ட்டில் புதிய ஓட்டை போட வேண்டியிருந்தது. நர்ஸ் ஆர்லிஸைத் தனியே கூப்பிட்டு டுலூத்தைப் பற்றிப் பேசினாள். "அங்க நல்லா பார்த்துக்குவாங்க இல்ல?" என்று ஆர்லிஸ் நர்ஸுக்கே ஆறுதல் சொன்னார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஆண்டவரிடம் மட்டும் அவர் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. "எனக்கு முடியல. யாரையாவது அனுப்பும்," என்றார்.

ஆண்டவர் லவோனை அனுப்பினார். உணவுக்கடை நடத்துகிற லவோன் மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி. அந்த ஊரில் அது ஒரு ஊனம் போலக் கருதப்பட்டது. நோலன் காபி குடிக்க வந்தபோது அவர் முன்னால் குவளையை ஓசையோடு வைத்தாள்.

"ஏம்ப்பா, ஆர்லிஸ் மேட்டுல மாடு மாதிரி இழுத்துக்கிட்டுப் போறாளே, பார்த்தியா?"

"பார்த்தேன். அவங்கதான் த்ராட்டில் வேணாம்னு சொன்னாங்க."

"எத்தனை தடவை கேட்ட?"

"ரெண்டு தடவை! ஒரு தடவையே போதும், நான் ரெண்டு தடவை கேட்டேன்."

லவோன் கண்ணை மூடித் திறந்தாள். "ரெண்டு தடவை கேட்டுட்டு விட்டுட்டியா? உங்க ஊர்ல தண்ணில விழுந்தவனையும் இப்படித்தான் கேப்பீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? வேணாம்னா வேணாம்தானே?"

"அது உங்க பாலைவனத்துல. அந்த விலக்கை மேயர் பர்ட்டன் யாருக்காக எழுதினான்னு நினைக்கிற? இந்த ஊர்ல த்ராட்டில் வச்சவ அவ ஒருத்திதான்."

"அப்போ அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சபையில ஒரு பொம்பளையோட முழங்காலைப் பத்திப் பேசச் சொல்றியா? அவன் மரியாதை தெரிஞ்சவன்."

நோலன் காபியைக் குடிக்காமல் எழுந்து போய், கம்பெனியின் டீலர் உதவி எண்ணை அழைத்தார். கடவுள் எல்லார் ஜெபத்தையும் கேட்கிறார், இடையில் பியானோ வாசித்துக் காட்டுவதில்லை. கம்பெனி வாசித்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றது. முக்கியம் என்பதாலேயே அதை எடுக்க மனம் வரவில்லை போலும். நோலன் ஒரு பாக்கெட் உருளை வறுவலைத் தின்றுகொண்டு பகல் முழுக்கக் காத்திருந்தார். ஒருவர் எடுத்து வேறொருவருக்கு மாற்றினார். அந்த வேறொருவர், த்ராட்டிலை அணைப்பதற்கு முன்பே கேட்டிருந்தால் சுலபம் என்றார். மறுநாள் காலை மறுபடியும் பியானோ. கடைசியில் டெரிக் என்ற குரல் கிடைத்தது.

"விலக்கு தரலாம் சார். ஆனா கஸ்டமர் தன் வாயால 'வேணும்'னு சொல்லணும். நாங்க பதிவு பண்ணுவோம்."

"லைன்லயே இருங்க. வச்சிடாதீங்க. உங்க பிள்ளை குட்டி நல்லாருக்கும், வச்சிடாதீங்க!"

நோலன் கடையைப் பூட்டாமலே வேனில் பாய்ந்தார். மேட்டின் அடிவாரத்தில் ஆர்லிஸ் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளத் தொடங்கியிருந்தார். நோலன் மடிக்கணினியைச் சைக்கிளில் செருகினார். போனைச் சீட்டின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"மேடம், த்ராட்டிலைத் திருப்பித் தர கம்பெனி ஆள் லைன்ல இருக்காரு. உங்களுக்கு வேணுமான்னு கேப்பாரு."

"வணக்கம் மேடம்," என்றது போன். "நடை வேக த்ராட்டில் உங்களுக்கு வேணுமா?"

"ஐயோ, எனக்காகவா இவ்ளோ சிரமம்? வேணாம் தம்பி."

"நன்றி மேடம். வேண்டாம்னு பதிவாயிடுச்சு. கோரிக்கையை மூடிடறேன்."

"மூடாதீங்க!" நோலன் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்து வாத்துகள் எழுந்தன. "இன்னும் ரெண்டு தடவை கேளுங்க!"

"எங்க விதிப்படி ஒரு தடவைதான் கேக்கணும் சார்."

"டெரிக், உங்க வீட்டுல பெரியவங்க இருக்காங்களா? அவங்க சாப்பாடு வேணாம்னா அப்படியே தட்டை எடுத்துடுவீங்களா? கேளுங்கப்பா!"

போன் பெருமூச்சு விட்டது. "மேடம், த்ராட்டில் வேணுமா?"

"உங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும். பரவால்ல."

நோலன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. கோயில் பக்கமே போகாதவர் என்று ஊர் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டது உண்டு. அந்த நொடியில் பார்த்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருக்கும்.

"மூணாவது தடவை கேக்கறேன் மேடம். வேணுமா?"

ஆர்லிஸ் மேட்டைப் பார்த்தார். உச்சியில் இல்லத்தின் ஜன்னல்கள் மினுங்கின.

"சரி," என்றார் மெல்ல. "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா."

"இது ஆமாவா இல்லையா சார்? எங்களுக்குத் தெளிவா வேணும்."

"எங்க ஊர்ல இதுக்கு மேல ஆமா கிடையாது," என்றார் நோலன். "பதிவு பண்ணுங்க."

ஆர்லிஸ் அன்று மேடேறினார். நடை வேகம் என்றால் கம்பெனியின் கணக்கில் நிஜமாகவே நடை வேகம். ஒரு வாத்து அவரை முந்திக்கொண்டு போனது. மேயர் ஸ்டிக்கரைப் பார்த்தார், அசையாத கால்களைப் பார்த்தார், ஏதோ பெரிய பாரம் இறங்கியவர் போல, "ஏரியில மீன் நிறைய இருக்கு," என்று உரக்கச் சொன்னார்.

இல்லத்தில் தட்டுகளை அப்போதுதான் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் மூச்சு வாங்காமல் உட்கார்ந்து, பட்டாணிச் சூப்பில் கரண்டியைத் தோய்த்து நீட்டினார். ஐனார் அவர் முகத்தைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சூப் முடிந்தது. ரொட்டியும் முடிந்தது. "இவ நல்ல பொண்ணு," என்று நர்ஸிடம் ரகசியமாகச் சொன்னார், ஆர்லிஸைச் சுட்டிக்காட்டி.

மறுநாள் காலை ஆர்லிஸ் அடுப்பிலிருந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தார். மாட்டிறைச்சியும் பீன்ஸும் அடியில், மொறுமொறுத்த உருளைக்கிழங்கு உருண்டைகள் மேலே. ஊரில் அதை ஹாட்டிஷ் என்பார்கள். அங்கே ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் சொந்தக்காரர் பெயர் எழுதிய ஒட்டுத்துண்டு இருக்கும். வாங்கியவர் அதைப் பார்த்துப் பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வெறுமையாகத் தரக் கூடாது. அப்படி ஒரு பாத்திரம் இரண்டு வீடுகளுக்கு நடுவே வருடக்கணக்கில் போய்வந்துகொண்டிருக்கும்.

ஆர்லிஸ் பாத்திரத்தைச் சாய்த்து, டோலஃப்சன் என்ற பெயரை நகத்தால் சுரண்டி எடுத்தார். ஒட்டியிருந்த பசையையும் ஈரத்துணியால் துடைத்தார். துண்டில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, நோலனின் கடை திறப்பதற்கு முன்பே அதன் பின்சந்துக்குப் போனார். சந்தில் ஆளில்லை. பின்வாசல் படியில் பாத்திரத்தை வைத்து, சூடு போகாதபடி துண்டை இழுத்து மூடினார். சத்தம் வராமல் சைக்கிளைச் சந்து முனை வரை தள்ளிக்கொண்டு வந்து, அங்கே ஏறிக்கொண்டார்.