கத்திரி வெட்டிய படம்

காலை ஒன்பதே முக்காலுக்குக் கோப்பு திறக்க மறுத்தது.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா மறுபடி தட்டினார். ஆவணம் சிதைந்துள்ளது என்று மென்பொருள் மறுபடி சொன்னது. நேற்று மாலை அவர் அதைச் சேமித்துக்கொண்டிருந்தபோதுதான் கரண்ட் போனது.

வெளியே பெஞ்சில் கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர். வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. கை உள்ளே போகாதபடி மெஷினில் இரும்புத் தடுப்பு இருந்தது, அவராகத்தான் பக்கவாட்டில் கையை விட்டார் என்று கம்பெனி சாதித்தது. சாட்சி சொல்ல ஒருத்தரும் வரவில்லை. விபத்து நடந்த அன்று எடுத்த ஒரே போட்டோ இந்தக் கோப்புக்குள் இருந்தது. எடுத்த போன் தண்ணீரில் விழுந்து எப்போதோ செத்துவிட்டது. ஏற்கெனவே கொடுத்த நகல் மை அப்பினதுபோல் இருக்கிறது, தெளிவாக ஒன்று கொண்டுவாருங்கள் என்று நீதிபதி சொல்லியிருந்தார். விசாரணை மதியம் இரண்டு மணிக்கு.

வக்கீலம்மா தன் நாத்தனாரை வரவழைத்தார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்.

"பேக்கப் இல்லையா அண்ணி?"

"இருக்கு. ராத்திரி அதுவா ஓடி, நல்லது மேல கெட்டதை எழுதி வச்சிருக்கு."

"பிரமாதம். கடைசியா தொட்டது யாரு?"

"வேற யாரு, நம்ம கத்திரி அண்ணன்தான்."

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தப் போட்டோ வந்தாலும் நாலு ஓரமும் வெட்டி, வேண்டியதை மட்டும் நிறுத்துவார். பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டும் அவருக்கு.

அவள் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தாள். பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருந்த வாலை ‘ஜிப்’ என்று மாற்றினாள். திறந்தாள். ஒரு தாள் வரும் என்று குமாஸ்தா பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாகப் பெட்டிகள் வந்தன.

"இதெல்லாம் என்னம்மா? ஒரே பேப்பர் இல்லையா?"

"மூட்டைண்ணே. எழுத்து தனி, படம் தனி, எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி வச்சிருக்கும். எழுத்துதான் போயிடுச்சு."

"எழுத்து ஏற்கெனவே அச்சடிச்ச தாள்ல இருக்கு," என்றார் வக்கீலம்மா. "படத்தைப் பாரு."

ஒரு பெட்டியைத் தட்டினாள். போட்டோ முழுசாக விரிந்தது.

குமாஸ்தா வாய்க்குள் ஏதோ சொன்னார். அவர் விட்டுவைத்தது துணி சுற்றிய கையை மட்டும். இப்போது கையைச் சுற்றி ஆள் இருந்தார். ஆளைச் சுற்றி ஷெட் இருந்தது. கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில்கூட இருந்தது.

"இதை நான் வெட்டிட்டேனே."

"நீங்க மறைச்சீங்க. அது எதையும் வெட்டாதுண்ணே. அப்படியே வச்சுக்கும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோயிலுக்குள் நிற்பவர்போல் கையைக் கட்டிக்கொண்டார்.

வக்கீலம்மா ஆபரேட்டரை உள்ளே கூப்பிட்டார். படத்தில் அவருக்குப் பின்னால் மெஷின் வாய் திறந்து வெறுமனே நின்றது. தள்ளி, சுவரில் சாய்ந்திருந்தது இரும்புத் தடுப்பு. அதன்மேல் வரிசையாகக் காயும் ஈரத் துண்டுகள்.

"என்ன துண்டு அது?"

"எங்களோடதுதான்மா. எல்லாரும் அதுலதான் காயப்போடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து."

"இதை ஏன் சொல்லலை?"

"தடுப்பு இல்லைன்னு சொன்னேனே. துண்டைப் பத்தி யாரும் கேக்கலை."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. பிரிண்டர் கக்கிய தாளை வெளிச்சத்தில் பிடித்து, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கவுனை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆபரேட்டரோடு கிளம்பினார்.

நாத்தனார் பையை எடுத்தாள். குமாஸ்தா எழுந்திருக்கவில்லை. முடிந்த வழக்குகளின் பட்டியலைத் திரையில் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். ஜெயித்தவை, தோற்றவை. தோற்ற ஒன்றில் விரல் நின்றது.

"ஏம்மா, இதுலயும் நான் வெட்டினது உள்ளேயே இருக்குமா?"