நேற்று மாதிரிதான்

ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் ரப்பர் மரம். ஆனால் சைக்கிளுக்கு டயர் கிடையாது. ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம் மலாக்காவின் லட்சணம் இதுதான். கருணாகரன் தன் பழைய டயருக்குள் தேங்காய்நார்க் கயிற்றைத் திணித்து, கம்பியால் இறுக்கிக் கட்டி, அதில்தான் காஜா பெராங் முழுக்க மரவள்ளிக்கிழங்கு விற்றான். பந்தயத்துக்கும் அதே சைக்கிள்தான்.

ஜப்பான்காரர்களுக்கு ஏதோ ஒரு விழா. அதை ஒட்டி மூன்று நாள் பந்தயம். முதல் நாள் தம்பின் போய்த் திரும்ப வேண்டும், இரண்டாம் நாள் மூவார் ஆற்றங்கரை, மூன்றாம் நாள் அலோர் காஜா. மூன்று நாள் நேரத்தையும் கூட்டி முதலில் வருகிறவனுக்குக் கோப்பை இல்லை. சயாம் ரயில் வேலைப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிடுவார்கள். கருணாகரன் பெயர் பட்டியலில் இருந்தது. அவன் மனைவி கமலவேணிக்கு ஏழாவது மாதம். சயாமுக்குப் போன அவள் அண்ணனைப் பற்றி உயிரா பிணமா என்றுகூடத் தகவல் இல்லை.

"எப்படியாவது ஜெயிச்சுட்டு வந்துடுங்க" என்றாள். எப்படியாவது என்பதை அவள் சும்மா சொல்லவில்லை.

பந்தயம் கிளம்பும் இடத்தில் மலாய்க்காரர் ஒரு வரிசை, சீனர் ஒரு வரிசை, இந்தியர் ஒரு வரிசை. அவரவர் பாஷையில் அறிவிப்பு. தந்தி ஆபீஸ் பியூன் பொன்னுதுரையை, பெயரையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்து இந்தியர் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவன் செட்டிக் கம்பத்துக்காரன், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் கிராமம் அது. மாரியம்மனைக் கும்பிடுவான், அவ்வளவுதான், பேச்செல்லாம் மலாய். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் புரியாது. ஜப்பான்காரனிடம் போய் வரிசை தப்பு என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்?

"அபா டியா சாக்காப், கருணா?" என்று பக்கத்தில் நின்ற கருணாகரனையே கேட்பான். என்ன சொல்கிறான் என்று. கருணாகரன் இரண்டு நாளும் ஒன்று விடாமல் மலாயில் சொன்னான். மூவார் பாதையில் கருணாகரனின் டயர்க் கயிறு பிய்ந்தபோது, பொன்னுதுரை இறங்கித் தன் கைவசமிருந்த கம்பியைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்படியும் இரண்டு நாள் நேரக் கணக்கில் அவனே நான்கு நிமிஷம் முன்னால் இருந்தான். மற்றவர்கள் வெகுதூரம் பின்னால்.

தினமும் ஊருக்குத் திரும்பி வரும் வழியில் ஜாலான் பெண்டஹாரா தெரு முனையில் சிப்பாய்க் காவல். யாராக இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, இடுப்பு வளையக் குனிந்துதான் தாண்ட வேண்டும். பந்தயக்காரர்களுக்கு மட்டும் கையில் வெள்ளைத் துணிப்பட்டை. அதைக் காட்டிவிட்டு நிற்காமல் போகலாம்.

மூன்றாம் நாள் காலை துபாசி மாணிக்கவாசகம் தமிழில் கத்தினார். "இன்னைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. பட்டை செல்லாது. காவல்ல இறங்கிக் குனியணும். இறங்காதவன் தொலைஞ்சான்!"

"அபா டியா சாக்காப்?"

கருணாகரனுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. நான்கு நிமிஷம் கண்முன் நின்றது. கமலவேணியின் வயிறும் நின்றது.

"சாமா மாச்சாம் செமாலாம்" என்றான். நேற்று மாதிரிதான். பாவி, மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டான்.

பொன்னுதுரை முதல் ஆளாகப் பெண்டஹாரா முனைக்கு வந்தான். பட்டை கட்டிய கையை உயர்த்திச் சிரித்தபடியே போனான். துப்பாக்கிக் கட்டை அவன் முழங்காலில் இறங்கியது. பின்னால் வந்த கருணாகரன் இறங்கிக் குனிந்தான். பொன்னுதுரையின் முகம் தரையில், அவன் கண்ணுக்கு நேரே கிடந்தது. "கருணா" என்றது. கருணாகரன் குனிய வேண்டிய அளவு குனிந்து, நிமிர்ந்து, ஏறி மிதித்தான்.

பட்டியலில் பெயரை அடித்ததற்கு அத்தாட்சியாகச் சிவப்பு முத்திரை குத்திய சீட்டு கிடைத்தது. நடந்ததைக் கேட்ட கமலவேணி, "நீங்க அவன்கிட்ட சொல்லலையா?" என்றாள்.

"கேட்டான்" என்றான். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பொன்னுதுரை துபாசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். தான் அடிபட்டதைப் பார்த்துத்தான் கருணா இறங்கினான் என்று நம்பினான்.

பத்தாம் நாள் சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. பொன்னுதுரையின் பெயரும் பட்டியலில் இருந்தது; அவனை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. லாரியில் மற்றவர்கள் எல்லாம் தோட்டத்துப் புது ஆட்கள், மலாய் தெரியாதவர்கள். கருணாகரன் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கமலவேணியோடு கூட்டத்தில் நின்றான். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வந்து பார்க்காதவர்கள் வீட்டுக்கு ஜப்பான்காரன் வந்து பார்ப்பான்.

மாணிக்கவாசகம் தமிழில் கத்தினார். "நடக்க முடியாதவன் கேட்டு இறங்கிக்கலாம். ஆனா ஆள் கணக்குக் குறையக் கூடாது. ஒருத்தன் இறங்கினா இங்க நிக்கிறவன்ல ஒருத்தன் ஏறணும். எந்தச் சீட்டும் செல்லாது!"

நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். லாரியில் பொன்னுதுரை எக்கி எக்கிக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினான். கண்டுபிடித்தான்.

"அபா டியா சாக்காப், கருணா?"

கமலவேணியின் விரல்கள் கருணாகரனின் கையை நகம் பதிய இறுக்கின.

"ஒன்றுமில்லை, உட்கார்" என்று மலாயில் சொன்னான் கருணாகரன்.

"தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டு, பொன்னுதுரை வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே நகர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.