கால் மடக்காத மருமகள்

நிசாந்தினி கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகோடு கவிழ்ந்தது முழங்கால் அளவுத் தண்ணீரில்தான். ஆனால் பிளாட் புஷ் புறநகரிலிருந்த வீட்டில் அந்தக் கதை நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் உயிர் தப்பியதே அருந்தப்பு என்றாகிவிட்டது. மாமனார் இராசநாயகம் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார்: அந்தச் சாமானை விற்றுவிட வேண்டும். கணவன் பிருந்தன் அதை உடனே படம் எடுத்து இணையத்தில் போட்டான். ஞாயிறு பின்னேரம் ஒருவர் வாங்க வருவதாகவும் ஆயிற்று.

காற்றடித்து விழுந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். பச்சைப் பொய். அன்று இலைகூட அசையவில்லை. கயாக்கில் காலை முன்னால் நீட்டித்தான் உட்கார வேண்டும். அதன் மூக்கு கரையைப் பார்த்திருக்க, பிருந்தன் பக்கத்தில் நின்று தள்ளிவிட்டான். மிதக்கத் தொடங்கியதும்தான் கவனித்தாள், நேரெதிரே கரையில் மாமா. அவளுடைய இரண்டு உள்ளங்கால்களும் அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தன. பெரியவர்களுக்கு முன்னால் கால் நீட்டிப் பழகாத உடம்பு, அவளைக் கேட்காமலே சட்டென்று மடக்கிக்கொண்டது. கயாக்குக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியுமா? ஒரு பக்கம் சரிந்து அவளைத் தண்ணீரில் கொட்டிவிட்டது.

கிழமையில் ஐந்து நாள் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டசாலையில் பெட்டி அடுக்குகிறாள். அங்கே சூப்பர்வைசர், வீட்டில் மற்றவர்கள், யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தண்ணீருக்கு நடுவில் மட்டும்தான் யாரும் கூப்பிட முடியாது. அந்த ஓர் இடத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஞாயிறு விடியற்காலை ஒரேயொரு முறை மீன்பிடிக்கப் போவேன், விழுந்தாலோ மீனில்லாமல் வந்தாலோ விற்கலாம் என்று பிருந்தனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அவனுக்கு அன்று வேலை. கயாக்கின் மறுமுனையைத் தூக்க வீட்டில் மிஞ்சியிருந்தவர் மாமாதான். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர் காரில் ஏறினார்.

புப்புக்கே ஏரி அசையாமல் கிடந்தது. மூக்கைப் பிடித்துத் தள்ளுவதற்கு அவர் எதிரிலேயே நிற்க வேண்டியிருந்தது. உள்ளங்கால் கூசியது. குதிகால்களைக் கயாக்கில் அதற்கென்று இருந்த பள்ளத்தில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

“மாமா, குறை நினைக்காதையுங்கோ. நான் காலை மடக்க மாட்டன்.”

அவர் குனிந்து தள்ளிவிட்டார்.

நாணல் ஓரமாகத் துடுப்புப் போட்டு, தண்ணீர்ப் பாசி முடிகிற இடத்தில் நின்றாள். ஈயக் குண்டு வைத்த சின்னத் தூண்டிலில் விரல் நீள ரப்பர் புழு. அடிவரைக்கும் இறக்கி, மெல்ல மெல்லத் தூக்க வேண்டும் என்று வீடியோக்களில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூண்டில் நரம்பில் ஒரு மெல்லிய தட்டல். பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தாள், போய்விட்டது. தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் இடத்தை மாற்றவில்லை. எங்கே ஒன்று தட்டியதோ அங்கே இன்னொன்றும் நிற்கும் என்று பிடிவாதமாக மறுபடி இறக்கினாள். இம்முறை தட்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கோலின் நுனி வளைந்த பிறகுதான் தூக்கினாள். கரும்பட்டையும் சிவப்புச் செட்டையுமாக ஒரு பேர்ச் மீன் மடியில் விழுந்து துள்ளியது. முதுகு முள் உள்ளங்கையில் குத்தி இரத்தம் வந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கரை சேரும்போது மாமா அதே இடத்தில் நின்றார். கால்கள் மறுபடியும் அவருக்கு நேரே. அப்படியே வைத்துக்கொண்டு வந்தாள்.

“வாங்க வாறவனை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்,” என்றார்.

மீனைக் கண்டு மனுசன் இளகிவிட்டார் என்று நினைத்து, அதை உயர்த்திக் காட்டினாள். அவர் அதன் பக்கம் திரும்பவில்லை.

“மீனுக்காக இல்லைப் பிள்ளை. அண்டைக்கு நீ என்னாலைதான் விழுந்தனி, எனக்குத் தெரியும். இண்டைக்கு மடக்க மாட்டனெண்டு சொன்னாய், எனக்கு அது போதும். நீ நாணலைத் தாண்ட முந்தியே அவனுக்குப் போன் அடிச்சிட்டன்.”