அதே அளவு

மூன்றாவது கடையிலும் குனிந்து, பின் டயரின் பக்கவாட்டில் இருந்த தூசியைத் துடைத்து எண்ணைக் காட்டினான்.

"நூத்தி அறுபத்தஞ்சு, எண்பது, பதினாலு. இதே அளவுதான் வேணும்."

கடைக்காரர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "இப்ப இது அதிகம் வர்றதில்ல சார். நூத்தி எண்பத்தஞ்சு, எழுபது, பதினாலு போடுங்க. அகலம் கொஞ்சம் கூட, உயரம் அஞ்சு மில்லிமீட்டர்தான் குறையும். அதே ரிம்முல உக்காரும். பின்னாடி ரெண்டையும் மாத்திட்டா ஒரு வித்தியாசமும் தெரியாது."

"எங்கப்பாவுக்குத் தெரியும்."

அப்பா முப்பது வருடம் ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் என் வண்டியில் உட்கார்ந்துதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். காலையில் வண்டியை எடுக்கப் போனால் ஒரு பின் டயர் புடைத்திருந்தது, மற்றது தேய்ந்து வழவழவென்றிருந்தது. அப்பாவின் பக்கத்தில் இருந்த தங்கை, "எதையாவது மாட்டிட்டு வாண்ணா" என்று போனில் தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

அவன் கேட்டால்தானே? இருபது வயதில், எடுப்பாக இருக்கட்டும் என்று இதே வண்டிக்கு அகல டயர் மாட்டினான். திருப்பத்துக்குத் திருப்பம் அது மட்கார்டில் உரசியது. அப்பா ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை. நாற்பத்தாறு வயதிலும் அந்தப் பயம் விடவில்லை. இந்த ஒரு தடவையாவது அவரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையும் விடவில்லை.

கடைக்காரர் அலுத்துக்கொண்டே நாலு இடத்துக்குப் போன் போட்டார். ஒரு கிடங்கில் இரண்டே இரண்டு கிடந்தன. வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு நாளாகத் தூங்காதவன், பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான்.

டயர் மாட்டி, காற்றும் சரிபார்த்த பிறகுதான் எழுப்பினார்கள். எண்ணை ஒரு முறைக்கு இரு முறை படித்தான். பரீட்சையில் தேறியவனைப் போலக் கதவைத் திறந்தபோது, வண்டிக்குள் சார்ஜில் கிடந்த போனைப் பார்த்தான். தங்கை ஐந்து முறை கூப்பிட்டிருந்தாள். உடனே திருப்பிக் கூப்பிட்டான்.

"அண்ணா... அப்பா போயிட்டாருண்ணா. அரை மணி நேரமாச்சு."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுட்டே இருந்தாரு. அதே அளவு தேடி அலையறான்ப்பான்னு சொன்னேன். சிரிச்சாரு. 'கிட்டத்தட்ட இருந்தாப் போதும்மா, வரச் சொல்லு'ன்னாரு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ம்."

"ஆஸ்பத்திரி வண்டியிலயே கொண்டு வந்துடறாங்களாம். நீ நேரா வீட்டுக்கு வந்துடு. பாத்து வா."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஓட்டிப் பாருங்க சார். அப்பா ஒரு குறை சொல்ல மாட்டாரு."

அவன் தலையாட்டினான். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது.

பின் இருக்கையில், அப்பா சாய்ந்துகொள்ளக் காலையில் வைத்த இரண்டு தலையணைகள் அப்படியே இருந்தன. தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியே விட்டான். பின்னால் வந்தவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. இவன் மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினான். பிறகு கண்ணாடியில் பார்த்தான். தலையணைகள் அசையவில்லை.